நகப்பூச்சு போட்ட பெரியவன்

அந்தத் தெருவில் எல்லாருக்கும் அவள் ஊசியக்காதான். தட்டம்மைக்கு இரண்டு வகைத் தடுப்பூசியில் எது குழந்தைகளை நன்றாகக் காக்கிறது என்று மருத்துவமனை ஒன்று சோதித்துக்கொண்டிருந்தது. ஐஸ் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் குத்துவது அவள் வேலை. எந்தக் குழந்தைக்கு எந்த வகை என்பது அவளுக்கும் தெரியாது. மருந்துக் குப்பியில் குழந்தையின் எண் மட்டும்தான் இருக்கும். தாய்மார்கள் துருவித் துருவிக் கேட்டால், "சத்தியமா எனக்கே தெரியாதும்மா" என்பாள். அதைச் சொல்வதில் அவளுக்கு ஒரு பெருமைகூட உண்டு.

மாடிவீட்டு இரட்டையர்கள்தான் வில்லங்கம். அச்சில் வார்த்த மாதிரி இரண்டு பயல்கள், ஆளுக்கொரு எண். முதல் ஊசியன்று யார் பெரியவன் என்று அம்மாக்காரியைக் கேட்டு, பெரியவனின் கால் கட்டைவிரலில் சிவப்பு நகப்பூச்சு பூசிவிட்டு வந்திருந்தாள். இரண்டாவது ஊசிக்குப் போனபோது அம்மா தையல் ஆலைக்குப் போயிருந்தாள், அப்பாதான் இருந்தார். பாயில் கிடந்த இரண்டு பேருக்கும் கட்டைவிரல் பளபளவென்று சிவந்திருந்தது.

"இதென்னங்க கூத்து?"

அப்பா தலையைச் சொறிந்தார். "பூச்சு உரிஞ்சுபோச்சுக்கா. திரும்பப் பூசினேன். அப்புறம் ஆளை மாத்திட்டேனோன்னு சந்தேகம். எதுக்கும் இருக்கட்டும்னு இன்னொருத்தனுக்கும்..."

"சரி, இதுல பெரியவன் யாரு?"

"இவன்தான்" என்று ஒருவனைத் தூக்கி நீட்டினார். நீட்டிய கையோடு பாயில் கிடந்தவனையும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

ஊசியக்கா பெட்டியை மூடினாள். ஆள் மாறினால் இரண்டு பேரும் சோதனைக் கணக்கில் சேர மாட்டார்கள். பிஞ்சுக் காலில் முதல் தடவை குத்தியதெல்லாம் விழலுக்கு இறைத்த நீர். அதை அவளால் பொறுக்க முடியாது. "அவங்க அம்மா சாப்பாட்டுக்கு வரட்டும்" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ, அவகிட்ட சொல்லிடாதீங்கக்கா! பெத்த பிள்ளையவே தெரியலைன்னா மானம் போயிடும்."

"தெரியாது தெரியாதுன்னு சொல்லித்தான் நான் சம்பளமே வாங்குறேன். உங்களுக்கென்ன வந்துச்சு? ஒரு தடவை சொல்லிப் பாருங்க, ஒண்ணும் ஆகாது."

மனைவி படியேறும்போதே அவர் கொட்டித் தீர்த்தார். "இதுங்கள்ல யாரு பெரியவன்னு எனக்குத் தெரியலடி. பொறந்ததுலேர்ந்தே தெரியல."

அவள் சிரித்துச் சிரித்துப் புரையேறி, அவர் நீட்டியவனை விட்டுவிட்டு மற்றவனைத் தூக்கிக் காதை மடக்கிக் காட்டினாள். பின்னால் கடுகளவு மச்சம். "இவன்தான் பெரியவன். கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே!"

ஊசியக்கா தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள். அடையாளம் என்னவென்று அவளும்தான் கேட்கவில்லை.

இரண்டு ஊசி போட்டாயிற்று. இரண்டு பேரும் ஒரே சுருதியில் வீடு அதிர அழுதார்கள். அப்பா ஒருவனை வாரித் தோளில் போட்டுக்கொண்டார். காதை மெல்ல மடக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்துபோயிற்று.

"அழாதடா," என்றார், தெரு முழுக்கக் கேட்கும்படி. "அழாதடா என் பெரியவனே!"