காற்றுக்கு எடை போடுகிறவன்

கண்ணுக்குத் தெரியாத சரக்கை விற்கும் சக வியாபாரிகளே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். கிள்ளானில் காஸ் கடை கவுண்டரில் உட்கார்ந்து, முழு சிலிண்டரும் காலி சிலிண்டரும் பார்க்க ஒன்றுதான் என்று தினமும் யாரிடமாவது சத்தியம் பண்ணுகிறவன் நான்.

இறங்கிப் போன முள்

வெல்டிங் பட்டறை முனியாண்டி அண்ணன் மத்தியான வெயிலில் லோரியில் வந்த ஆக்சிஜன் தோங்கை வாங்கிப் போனார். சிலிண்டரை இங்கே தோங் என்றுதான் சொல்வோம். மறுநாள் காலை போன். ராத்திரி முழுக்க மழை, அழுத்த மீட்டரின் முள் இறங்கிவிட்டது, யாரோ காஸைத் திருடிவிட்டார்கள் என்றார். சூட்டில் அழுத்தம் ஏறும், குளிரில் இறங்கும், உள்ளே எடை அப்படியேதான் இருக்கும் என்று பொறுமையாக விளக்கினேன். அவர் விடவில்லை.

"அப்ப மத்தியானம் வெயில் அடிச்சா திரும்ப ஏறிடுமா? நல்ல திருடன் லா."

செல்வியின் இரண்டரை நாள்

ஒரு ஆன்டி வந்தார். மகளுக்குச் செமினியில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். அவர் வீட்டுக்காரர் அங்கிளுக்கு நுரையீரல் சரியில்லை. வீட்டில் கரண்டில் ஓடும் ஆக்சிஜன் மெஷினை விட்டு வாசலுக்குக்கூட வருவதில்லை. கன்னிகாதானம் பெண்ணின் பெரியப்பாவே செய்யட்டும் என்று சொல்லிவிட்டாராம். காரில் வைக்கிற சின்ன தோங் ஒன்று எவ்வளவு நேரம் வரும் என்பதுதான் ஆன்டியின் கேள்வி.

கவுண்டரில் என்னோடு வேலை பார்க்கும் செல்வி கால்குலேட்டரைத் தட்டினாள். அழுத்தம், தோங்கின் கொள்ளளவு, ஆக்சிஜனின் மூலக்கூறு எடை மூன்றையும் பெருக்கி, வாயு மாறிலியாலும் வெப்பநிலையாலும் வகுத்தால் உள்ளே எத்தனை கிராம் என்று வந்துவிடும். ஒன்பதரை கிலோ, இரண்டரை நாள் தாராளமாக வரும் என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெப்பநிலைக்கு வெறும் முப்பதைப் போட்டிருந்தாள். அதைக் கெல்வினாக்க 273 கூட்டியிருக்க வேண்டும். கூட்டிப் போட்டால் ஒரு கிலோகூடத் தேறவில்லை. ஆறு மணி நேரம்தான் வரும். காலையில் கிள்ளானை விட்டால் தாலி கட்டி, சாப்பிட்டு, வீடு திரும்ப ஒன்பது மணி நேரமாவது ஆகும்.

செல்வியின் முகம் வெளுத்துவிட்டது. ஆன்டி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். இனி எந்தக் கணக்கை நம்புவார், பாவம்? தோங்கைத் தராசில் ஏற்றி, கழுத்தில் பொறித்திருந்த காலி எடையைக் கழித்துக் காட்டினேன். ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. என் கணக்கேதான்.

"ரெண்டா குடுங்க தம்பி. மண்டபத்துல அவரு மூச்ச எண்ணிக்கிட்டு இருக்க என்னால முடியாது."

திரும்பி வந்த தோங்

கல்யாணம் முடிந்து தோங்குகளைத் திருப்பித் தர ஆன்டி வந்தபோது, காரிலிருந்து அங்கிளும் மூக்கில் குழாயோடு இறங்கினார். மணவறைக்குப் பின்னால் தோங்கை மறைத்து வைத்து, மகள் கையை மாப்பிள்ளை கையில் இவரே பிடித்துக் கொடுத்தாராம். பாதியில் தோங் மாற்ற வேண்டியிருந்ததை ஆன்டி சொன்னபோது செல்வி ஸ்டோர் பக்கம் போய்விட்டாள். அழுதுவிட்டுத்தான் வந்தாள். இரண்டாவது தோங்கைத் தராசில் வைத்தேன். கிட்டத்தட்டப் பாதி மிச்சம் இருந்தது. திரும்ப எடுத்துக்கொள்ளவா என்று கேட்டேன். அங்கிள் தோங்கின் மேல் கை வைத்துக்கொண்டார்.

"வேணாம் தம்பி, நிரப்பிக் குடுங்க. ஞாயித்துக்கிழமை பிரிக்பீல்ட்ஸ்ல வாழை இலைச் சாப்பாடு. நான் மெதுவாத்தான் சாப்பிடுவேன், அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க."

மற்ற கடைக்காரர்களுக்கு வாடிக்கையாளர் திரும்பி வந்தால் லாபம், எங்களுக்கு அது பாதி லாபம், பாதி அப்பாடா.