அத்தியாயம் அண்ணன் டாக்டராகாத கதை

கல்லூரி வாசலுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. அதன் மாடியில் ஒற்றை அறை. அந்த அறையில் உட்கார்ந்துகொண்டு அவன் உண்டாக்கி அனுப்பிய டாக்டர்கள் எத்தனை பேர் என்பது அவனுக்கே தெரியாது. உளவியலா, உண்டு. வணிக நிர்வாகமா, உண்டு. கணினி, இலக்கியம், வரலாறு எல்லாம் உண்டு. ஆராய்ச்சி மாணவர்கள் மாடிப்படி ஏறி வந்து, மூச்சு வாங்க நின்று, "அண்ணே, ரெண்டாவது அத்தியாயம் ரெடியா?" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் அவன் பெயரே அத்தியாயம் என்று ஆகிவிட்டது. அதில் அவனுக்குப் பெருமை வேறு. வெட்கப்பட வேண்டிய இடத்தில் நெஞ்சை நிமிர்த்துவது அந்தத் தெருவுக்கே வந்த வியாதி.

அந்தக் கல்லூரி ஆராய்ச்சியின் லட்சணத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒன்று இன்னொன்றைப் பாதிக்கிறதா? இவ்வளவுதான் கேள்வி. சம்பளம் மனநிம்மதியைப் பாதிக்கிறதா, கைபேசி தூக்கத்தைப் பாதிக்கிறதா, முதலாளியின் முகம் வியாபாரத்தைப் பாதிக்கிறதா. ஒரு கேள்வித்தாள் அடிப்பார்கள். அதை ஊரெல்லாம் கொண்டுபோய்ப் பதில் வாங்க வேண்டும். யார் வெயிலில் அலைவது? கேன்டீனில் நாலு சிநேகிதர்கள் உட்கார்ந்து, பேனாவை மாற்றி மாற்றி டிக் அடித்துத் தள்ளுவார்கள். பாதிக்கிறது என்று முடிவு வரும். வராமல் எங்கே போகும்? இலக்கியக்காரர்களுக்கு இந்த டிக் தொல்லை கூடக் கிடையாது. எந்த நாவலைக் கொடுத்தாலும் அதில் தனிமை இருக்கிறது என்று முன்னூறு பக்கம் எழுதிக் கொடுத்தால் போதும்.

ஒரு தடவை ஒரு மாணவனிடம் அத்தியாயம் சொன்னான். "ஒரு தடவையாவது படிச்சுப் பாருப்பா. வாய்மொழித் தேர்வுல கேப்பாங்க."

"அவங்க படிச்சாத்தானே அண்ணே கேப்பாங்க?" என்றான் அவன்.

எல்லாருடைய மூளையும் தன் சட்டைப் பையில் இருப்பதாக அத்தியாயத்துக்கு நினைப்பு. வாத்தியார்களைக் கண்டால் உதட்டைச் சுழிப்பான். மாணவர்களைக் கண்டால் கொட்டாவி விடுவான். அரைத்த மாவையே அரைத்துப் பொட்டலம் கட்டி விற்கிற தான் எந்த விதத்தில் ஒசத்தி என்று மட்டும் ஒரு நாளும் யோசித்ததில்லை.

வீட்டு வாசலில் ஒரு பெயர்ப் பலகை உண்டு. அதில் டாக்டர் என்று இருப்பது அவன் பெயருக்கு முன்னால் இல்லை, பெண்டாட்டி பெயருக்கு முன்னால். அவள் அந்தக் கல்லூரியிலேயே உளவியல் விரிவுரையாளர். அந்த டாக்டரும் மாடி அறைத் தயாரிப்புத்தான். கல்யாணமான புதிதில் அவள் அலுவலகப் பெண்களின் மனஅழுத்தம் என்று ஒரு தலைப்பை எடுத்துக்கொண்டு, முதல் பத்தியைத் தாண்ட முடியாமல் தினமும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். புதுப் பெண்டாட்டி அழுதால் எந்த மடையன்தான் பார்த்துக்கொண்டிருப்பான்? "நீ படுத்துத் தூங்கு, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டான்.

வேடிக்கை என்னவென்றால், அந்த ஒன்றை மட்டும் அவன் நிஜமாகவே எழுதினான். வங்கி, காப்பீட்டு அலுவலகம், ஆஸ்பத்திரியின் பில் போடும் ஜன்னல் என்று போய் உட்கார்ந்து பார்த்தான். வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் என்று போன் வந்தபின் ஒருத்தி எப்படிப் பணம் எண்ணுகிறாள், மேலாளர் கத்திவிட்டுப் போனபின் ஒருத்தி எதற்காக மேஜையைத் துடைத்துக்கொண்டே இருக்கிறாள் என்றெல்லாம் பார்த்தான். சில பேர் அவனிடம் மனம் விட்டுப் பேசினார்கள். அதெல்லாம் நாலாவது அத்தியாயமாக வந்தது. வாழ்நாளில் அவன் நாணயமாகச் செய்த ஒரே காரியம் அதுதான். அதையும் தூக்கி அவள் கையில் கொடுத்துவிட்டான்.

அவள் டாக்டரானாள், வேலை கிடைத்தது, வீடு அவள் சம்பளத்தில் நிமிர்ந்தது. விசேஷ வீடுகளில் யாராவது இவனைக் காட்டிக் கேட்டால், "எங்க வீட்டுக்காரர் டைப்பிங் மாதிரி ஏதோ பண்றார்" என்பாள். டைப்பிங் என்று சொல்லியிருந்தால் கூட அவன் பொறுத்துக்கொண்டிருப்பான். அந்த 'மாதிரி ஏதோ' இருக்கிறதே, அதுதான் அவனைச் சுட்டது.

சரி, நாமும் டாக்டராகிக் காட்டுவோம் என்று ரோஷத்தில் ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தான். கணினி வந்தபின் அலுவலகங்களில் மனிதர்கள் எப்படி மாறினார்கள் என்பது அவனுடைய தலைப்பு. முதல் மூன்று அத்தியாயங்கள் கண்ணை மூடிக்கொண்டு வந்தன. நாலாவதில் வண்டி நின்றுவிட்டது. ஊருக்கெல்லாம் சரக்குப் போட்ட கைக்குத் தனக்கென்று ஒரு வரி வரவில்லை. எழுதியதெல்லாம் புளித்துப்போன வாசனை அடித்தது. வருஷக்கணக்கில் முக்கிப் பார்த்துவிட்டு, கடைசியில் பெண்டாட்டியின் ஆய்வேட்டிலிருந்து அந்த நாலாவது அத்தியாயத்தை எடுத்துத் தன்னுடையதில் வைத்துவிட்டான். 'நான் எழுதினதுதானே, யாரைக் கேக்கணும்? எவன் படிக்கப் போறான்?'

எவனும் படிக்கவில்லை. அந்த விஷயத்தில் அவன் கணிப்பு பிசகவே இல்லை. ஆனால் அந்த வருஷம்தான் பழைய ஆய்வேடுகளையெல்லாம் கணினியில் ஏற்றி, புதிதாக வருகிறவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மென்பொருள் வாங்கியிருந்தார்கள். மனுஷன் படிக்காததை அது உட்கார்ந்து படித்துவிட்டது.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மேஜைக்குப் பின்னால் இரண்டு பேர். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் அம்மா ஒருத்தர். இன்னொருவர் விசாரணைத் தலைவர், வணிகத்துறையின் பெரிய மனுஷர். அவருடைய டாக்டர் பட்டமும் அதே மாடிப்படி இறங்கிப் போனதுதான்.

"இந்த அத்தியாயம் முழுக்க அப்படியே இருக்கு. அதுவும் உங்க மனைவியோடதுல இருந்து. என்ன சொல்றீங்க?" என்றார் தேர்வாளர் அம்மா. "இது உங்களோடதுதான்னா ஆதாரம் குடுங்க, பரிசீலிக்கிறோம்."

ஆதாரமா? அவன் கையெழுத்தில் மூலப்பிரதியே பரண்மேல் இருக்கிறது. கொண்டுவந்து போட்டால் திருடன் என்ற பேர் போய்விடும். ஆனால் அவளுடைய பட்டம் போகும், வேலை போகும். அடுத்த மாதம் துறைத் தலைவி ஆகப்போகிறவள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான். அதோடு மாடிப்படி ஏறிய எல்லாருடைய குட்டும் உடையும். தலைவரின் முகத்தில் ஈயாடவில்லை. "நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க, அவசரமில்ல" என்றார். இத்தனை வருஷத்தில் அவனிடம் அவர் மரியாதையாகப் பேசியது அன்றுதான்.

"எடுத்தது நான்தான். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்றான் அத்தியாயம்.

தலைவருக்கு உடனே உயிர் வந்துவிட்டது. "ஆராய்ச்சிங்கறது ஒரு தவம் ஐயா! அடுத்தவங்க உழைப்பத் திருட உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?" என்று ஆரம்பித்து, நேர்மை, சத்தியம் என்று வாய் கிழிய அளந்தார். சே, என்ன முகமோ, என்ன தோலோ! அவனுடைய பதிவை ரத்து செய்தார்கள். இந்த ஜென்மத்தில் இனிமேல் பதிவு செய்ய முடியாது என்றும் எழுதிவிட்டார்கள்.

அவன் வீட்டுக்கு நடந்தே போனான். போகிற வழியெல்லாம் அசட்டுக் கற்பனை. வாசலிலேயே அவள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்வாள். எனக்காகவா என்று அழுவாள். அவன் பெரிய மனசு பண்ணி, விடு விடு என்பான்.

அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. "வந்தீங்களா? ஸ்டாஃப் ரூம்ல தலை காட்ட முடியல. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே மாத்தி எழுதிக் குடுத்திருப்பேன்ல?"

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். யாராவது வந்திருக்கிறார்களோ, அவர்கள் காதுக்காகப் பேசுகிறாளோ என்று. வீட்டில் ஒருவரும் இல்லை.

"அந்த அத்தியாயத்துக்காக நான் என்ன பாடுபட்டேன்! வங்கி வங்கியா ஏறி இறங்கினேன். சும்மா வந்துச்சா அது?"

"நீயா?"

"பின்ன, நீங்களா?"

வெடுக்கென்று கேட்டாள். கேட்டுவிட்டு அவனையே பார்த்தாள். அந்தப் பார்வையில் கள்ளம் ஏதாவது இருக்கிறதா என்று அவன் தேடினான். பொய் சொல்கிறாள் என்று தெரிந்திருந்தால் கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் பொய் சொல்லவில்லை. மனதார நம்பினாள். அத்தனை வருஷமாக வகுப்பில் நின்று அதையே சொல்லிச் சொல்லி, அந்த வங்கிகளில் போய் உட்கார்ந்ததும் தானேதான் என்று ஆகிவிட்டிருந்தது.

"இன்னொண்ணு" என்றாள் அவள், கைப்பையை எடுத்துக்கொண்டே. "பாதிக்கப்பட்டவங்கற முறையில நான் ஒரு கடிதம் தரணுமாம். இந்த மாதிரி என் உழைப்பத் திருடிட்டார், இருந்தாலும் கணவர்ங்கறதால மேல்நடவடிக்கை வேண்டாம்னு. எனக்கு அதெல்லாம் எழுத வராது. நீங்களே எழுதி வைங்க. கொஞ்சம் கோபமா இருக்கட்டும், ரொம்ப இறங்கிப் போன மாதிரி இருக்கக் கூடாது."

அவன் கணினியைத் திறந்து உட்கார்ந்தான். தனக்கென்று ஒரு வரி வராத அந்தக் கைக்கு இது தடையில்லாமல் வந்தது. கோபம், வருத்தம், பெருந்தன்மை எல்லாம் அளவோடு சேர்ந்து, நல்ல கடிதமாகவே அமைந்துவிட்டது. அச்செடுத்து அவளிடம் நீட்டினான்.

அவள் படித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டாள்.