மீசையில் ஒட்டிய லட்டும் லஸ் கோயில் பயணமும்

போன வருஷம் ஆகஸ்டு பதினைந்தாம் தேதி நானும் என் வீட்டுக்காரி ஆரோக்கியமும் கொட்டிவாக்கத்திலிருந்து மயிலாப்பூர் லஸ் மாதா கோயிலுக்குப் போய் வந்தோம். இந்த வருஷம் போக நினைக்கிறவர்கள் வழி கேட்கிறார்கள். நான் எழுதக் கற்றதே இந்த வருஷம்தான், அதனால் மெதுவாக எழுதுகிறேன். நாங்கள் போன ஜட்கா வண்டியின் வேகமும் ஏறக்குறைய இதேதான்.

போன காரணம் ஒரு நேர்ச்சை. விஷக்காய்ச்சலில் படுத்த ஆரோக்கியம் எழுந்து நடந்தால், மாதா திருநாளன்று லஸ் கோயிலில் இருவரும் சேர்ந்து நற்கருணை வாங்குவதாக வேண்டியிருந்தேன். எழுந்தாள், நடந்தாள், என்னைத் திட்டவும் தொடங்கினாள். நேர்ச்சையைச் செலுத்துவதுதான் பாக்கி. அந்தத் திருநாளன்றே தேசத்துக்குச் சுதந்திரமும் வந்தது. வெள்ளிக்கிழமை. ஆடிக் கடைசி வெள்ளி. ரம்ஜான் மாதத்துக் கடைசி வெள்ளியும் அதுவே. எல்லாம் ஒரே நாளில் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று நாங்கள் யோசிக்கவில்லை.

தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். பூசையில் சாமியார் நாக்கில் வைக்கிற அப்பம்தான் நற்கருணை. அதை வாங்குகிறவர்கள் நள்ளிரவிலிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது. பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது. பல்லில் பட்டால் அன்றைக்கு நற்கருணை கிடையாது.

விடிவதற்குள் திருவான்மியூர் வரை ஒன்றரை மைல் நடந்தோம். அங்கே காதர் பாயின் ஜட்காவைப் பேசி வைத்திருந்தேன். லஸ் வரை இன்னும் நாலரை மைல். போக வர மூன்று ரூபாய்.

"டீ குடிச்சுட்டுக் கிளம்பலாமா பாய்?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"நானும் நோன்பு, நீயும் நோன்பு. குதிரை மட்டும்தான் துன்னுகினு கீது. ஏறு நைனா" என்றார்.

அடையாற்றுப் பாலத்தில் வெயில் ஏறியது. கம்பம் தவறாமல் கொடி கட்டியிருந்தார்கள். யாரோ ஒருவர் ஓடி வந்து குதிரையின் கடிவாளத்தில் காகிதக் கொடி ஒன்றைச் செருகினார். அதற்கப்புறம் குதிரை தலையைக் குனியவே இல்லை.

"இத்தினி நாள் என் குதிரை. இனிமே சர்க்கார் குதிரை, சாட்டையத் தொட முடியாது" என்றார் பாய். ஆரோக்கியம் சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது. காய்ச்சலுக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

மயிலாப்பூர் குளக்கரைக்கு வந்ததும் வண்டி நின்றுவிட்டது. எதிரே ஊர்வலம், மேளம், சந்துக்குச் சந்து கோலம். அம்மன் கோயிலுக்குப் போகிற பெண்களும் அந்தக் கூட்டத்தில்தான் மாட்டிக்கொண்டார்கள். பஞ்சகச்சம் கட்டிய பெரியவர் ஒருவர் தாம்பாளம் நிறைய லட்டோடு நேராக எங்களிடம் வந்தார்.

"வாயத் திறங்கோ. ரேஷன் சர்க்கரையச் சேத்து வெச்சுப் பண்ணினது. வேண்டாம்னு சொல்லப்படாது."

எனக்கு இருந்த சந்தோஷத்தில் வாய் தானாகத் திறக்கப் பார்த்தது. கடைசி நொடியில் இறுக மூடினேன். லட்டு மீசையில் மோதி உதிர்ந்தது. அவர் பாயிடம் நீட்டினார். பாயும் கும்பிட்டு, வேண்டாம் என்று தலையசைத்தார்.

பக்கத்தில் நின்ற ஒருவன், "இன்னாபா இது? சொதந்திரத்துக்கு லட்டு குட்த்தா ரெண்டு பேரும் வாய மூடிக்கினு கீறாங்க. புடிக்கலியா?" என்றான். நாலைந்து தலைகள் திரும்பின. தேசம் இரண்டாகப் பிரிந்த அந்த நாளில் அந்தக் கேள்வி வேடிக்கையில்லை. பாயின் கை கடிவாளத்தை இறுக்குவதைப் பார்த்தேன்.

ஆரோக்கியம் வண்டியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னா புடிக்கலியா? பாய்க்கு ரம்ஜான் நோன்பு. எங்களுக்குக் கோயிலு நோன்பு. உங்க லட்டு வாசனைல மூணு பேரும் செத்துக்கினு கீறோம். நீ வேற" என்றாள்.

பெரியவர் பின்னால் நின்ற அவர் மனைவி சட்டென்று சிரித்துவிட்டார். "நேக்கும் ஆடி வெள்ளி விரதம். விளக்கேத்தற வரைக்கும் பல்லுல படாது. ஆத்துல இவர் ஒருத்தர்தான் கார்த்தாலேருந்து சாப்டுண்டு இருக்கார்."

அப்படிக் கேட்டவனே கூட்டத்தில் முதல் ஆளாகச் சேர்ந்து சிரித்தான். பெரியவர் மூன்று லட்டை வாழையிலையில் கட்டிக் கொடுத்து, ஊர்வலத்தை ஒதுக்கி வழியும் விட்டார்.

கோயிலில் கடைசிப் பூசை தொடங்கியிருந்தது. எனக்கோ வேறு கவலை. மீசையில் ஒட்டியதில் ஒரு துளி உள்ளே போயிருந்தால்? ஆரோக்கியம் தனியாகப் போய் முழந்தாளிட்டால் நேர்ச்சை என்ன ஆவது? பாவம் சொல்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு ஓடி, உள்ளே உட்கார்ந்திருந்த சாமியாரிடம் சொன்னேன்.

"நாக்கு இனிச்சதா?"

"இல்லீங்க சாமி."

"அப்போ நோன்பு முறிச்சது மீசைதான். அதுக்கு நற்கருணை கிடையாது. உமக்கு உண்டு, போய் நில்லும்."

இருவரும் பக்கத்துப் பக்கத்தில் முழந்தாளிட்டு வாங்கினோம். அவள் அழுதாள். நான் மீசையைத் துடைத்துக்கொண்டேன்.

பிறகு ஓட்டலில் இட்லி சாப்பிட்டு, பாய் ஜும்மா தொழுது வந்த பிறகு அவர் வண்டியிலேயே சாயங்காலம் வரை கொடி பார்த்துத் திரிந்தோம். லட்டுப் பொட்டலத்தை நான் அவிழ்க்கப் போனபோது ஆரோக்கியம் கையில் தட்டினாள். "பாய் துன்ன முடியாம வண்டி ஓட்டும், நீ மட்டும் துன்னுவியா?"

இந்த வருஷம் போகிறவர்களுக்கு: திருநாள் ஞாயிற்றுக்கிழமை வருகிறது, கூட்டம் இன்னும் கூடும். முதல் பூசைக்கே போய்விடுங்கள். குளக்கரையைச் சுற்றிக்கொண்டு போங்கள். கையில் துணிப்பை இருக்கட்டும், தருவதை மறுக்காமல் வாங்கி வைத்துக்கொள்ளலாம். மீசை வைத்திருப்பவர்கள் ஒட்டக் கத்தரித்துக்கொண்டு போவது நல்லது.

திரும்பி வரும்போது அடையாற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னோம். பாய் மேற்கே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சூரியன் முழுக்க இறங்கியதும் ஒரு பேரீச்சம்பழம், ஒரு வாய் தண்ணீர். அப்புறம்தான் இலையை விரித்தோம். லட்டு பாதி உதிர்ந்திருந்தது. அந்நேரம் மயிலாப்பூரில் அந்த அம்மாளும் விளக்கேற்றியிருப்பார். பாய் முதல் துண்டை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொள்ளாமல் என் பக்கம் நீட்டினார்.

"வாயத் தொற நைனா. மீசைக்கு இன்னா பயம் இப்போ?"

நன்றாகத் திறந்தேன்.