மூன்று வருஷ வாரண்டி

“…உசுரோட இருந்தப்ப ஆட்டை எந்த முள்ளு கிழிச்சுதுன்னு தோலைத் தொட்டே சொல்லிடுவேன். கண்ணு பொய் சொல்லும்பா, கட்டைவெரலு சொல்லாது. ஆனா இதுல ஒண்ணும் தெரியலயே” என்றபடி, நான் நீட்டிய கிராபிக்ஸ் கார்டை நீவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

அவர் ஆம்பூரில் தோல் தரம் பிரிப்பவர். எதைக் கையில் எடுத்தாலும் அப்படித்தான் பார்ப்பார். வேலூரில் நான் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்றுக்கொண்டிருந்த கடைக்கு, மகன் எழுதிக்கொடுத்த சீட்டோடு வந்திருந்தார். கேம் ஆடுவதற்கான மெஷின். பிராசஸரை அதன் அளவுக்கு மேல் வேகம் ஏற்றி, ஓவர்கிளாக் செய்து தரச் சொல்லி எழுதியிருந்தான் பையன்.

எனக்கு மனசு கேட்கவில்லை.

“வேணாம்ணா. சூடு ஜாஸ்தியாகி ரெண்டு மூணு வருஷத்துல போய்டும். இந்த பிராசஸரை எடுத்துக்கோங்க. வேகம் கொஞ்சம் கம்மி, ஆனா பத்து வருஷம் ஓடும்.”

அவர் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பத்து வருஷத்துக்கு யாருப்பா ஆடப்போறா? இனிமே செய்யறதுக்கு ஒண்ணுமில்லன்னு ஆஸ்பத்திரில அவனை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஆறு மாசம்னு சொல்றாங்க. அவன் கேட்ட வேகத்துலயே ஓடட்டும்.”

சீட்டில் எழுதியிருந்தபடியே ஒவ்வொன்றாகப் பொருத்தி, வேகத்தை ஏற்றி, ஓட்டிக் காட்டினேன். கிளம்பும்போது பழக்கதோஷத்தில் கிராபிக்ஸ் கார்டின் மூன்று வருஷ வாரண்டி அட்டையையும் நீட்டிவிட்டேன்.

வாங்கி, கட்டைவிரலால் ஒருமுறை நீவினார். பிறகு அதை என் மேஜைமேல் மெதுவாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, பெட்டியை மட்டும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போனார்.