பான் நகரத்தில் ஒரு சரியான பதில்

மூன்று வருடங்களுக்கு முன், நான் ஜெர்மனிக்கு வந்த புதிதில் நடந்தது இது. எசன் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்சிங் பயிற்சியில் இருந்தேன். இல்லத்தில் இருப்பவர்களை வருடத்துக்கு ஒருமுறை ஒருநாள் சுற்றுலா கூட்டிப்போவார்கள். அந்தமுறை பான் நகரம். மேற்கு ஜெர்மனி என்று ஒரு நாடு இருந்தபோது அதுதான் தலைநகரம்.

என் பொறுப்பில் இருந்த அம்மாள் அங்கே ஓர் அமைச்சகத்தில் முப்பது வருடம் டைப்பிஸ்டாக இருந்தவர். வயது தொண்ணூறை நெருங்கிவிட்டது, நினைவு முன்னும் பின்னுமாகப் போகும். ஆனால் பான் போகிறோம் என்பதை மட்டும் ஒரு வாரமாக மறக்கவில்லை. அன்று காலை முத்துமாலை போட்டுக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் வாசலில் இருந்தார்.

ரைன் நதிக்கரையில் பஸ் நின்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, வேலைக்கு நேரமாகிவிட்டதா, அமைச்சர் வந்துவிட்டாரா என்று கேட்டார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கேள்வி வந்தால் பதில் தன்னால் வந்துவிடும். போதாததற்கு, இந்தப் பயணத்துக்காகவே பானின் வரலாற்றைப் படித்து வைத்திருந்தேன். நான் பிறப்பதற்கு முன்பே பாராளுமன்றமும் அரசும் பெர்லினுக்குப் போய்விட்டன, அமைச்சர் இங்கே இல்லை என்று பிழையில்லாத ஜெர்மனில் சொன்னேன்.

அவர் கை விலகியது.

“என்னிடம் யாருமே சொல்லவில்லையே” என்றார்.

அதற்குப் பிறகு இருக்கையைவிட்டு அசைய மறுத்துவிட்டார். மற்றவர்கள் ஆற்றில் கப்பல் பார்க்கப் போனார்கள். இவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் ஆசைப்பட்ட ஒரே நாளை நான் கெடுத்துவிட்டேன்.

கூட வேலை செய்த யாழ்ப்பாணத்து அக்கா என்னைப் பஸ்ஸிலிருந்து கீழே கூப்பிட்டார்.

“தம்பி, இதென்ன சோதனையே, சரியா விடை சொல்ல? மனுசி தலைநகரத்தையே கேட்டவ? வேலைக்குப் பிந்திப்போனனோ எண்டுதானே கேட்டவ. பிழை விட்டது நீர், நீரே போய்க் கூட்டிக்கொண்டு வாரும். எனக்கு ஏலாது.”

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். உண்மையையே சொன்னேன்: நான் இந்த ஊருக்குப் புதியவன், உங்கள் அலுவலகம் எந்தப் பக்கம் என்று தெரியாது, காட்ட முடியுமா? திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். என் காலரைச் சரிசெய்தார். சக்கர நாற்காலியைக் கொண்டுவரச் சொன்னார்.

நான் தள்ள, வலது, இடது என்று அவர் விரல் காட்டியது. ஒரு திருப்பத்தில்கூடத் தடுமாறவில்லை. ரொட்டி வாங்கிய கடை, மழையில் ட்ராமுக்கு நின்ற இடம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் காட்டிய இடத்தில் ரொட்டிக் கடை இல்லை, கைபேசிக் கடை இருந்தது. நான் திருத்தாமல் தள்ளிக்கொண்டே போனேன்.

அந்தக் கட்டடத்தில் இப்போது வேறு ஏதோ அலுவலகம். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, இளைஞர்கள் போய்வந்துகொண்டிருந்தார்கள். வெகுநேரம் பார்த்தார். “எல்லோரும் வந்துவிட்டார்கள்” என்றார், நிம்மதியாக. பிறகு, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே இப்படித் தாமதமாக வரலாமா என்று என்னைக் கடிந்துகொண்டார். நான் மன்னிப்புக் கேட்டேன்.

அந்த அம்மாள் இப்போது இல்லை. சரியான பதில்கள்தான் என்னைக் கடல் தாண்டிக் கொண்டுவந்தன, அதை நான் மறக்கவில்லை. ஆனாலும் இல்லத்தில் யாராவது என்னிடம் ஏதாவது கேட்டால், அவர் எந்தக் காலத்தில் நின்றுகொண்டு கேட்கிறார் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.