ஷமீம் அக்காவின் கட்டைவிரல்

நேற்று பைக் பஞ்சர். கடைக்காரர் டியூபில் சொல்யூஷன் தடவி ஊதிக்கொண்டிருந்தபோது வாட்ஸ்அப்பில் என் மகளின் பட்டியல் வந்தது. தீபாவளி லீவுக்குள் வீட்டுக்கு வந்து சேர வேண்டியவை: வயர் இல்லாத இயர்போன், தூக்கத்தை அளக்கும் வாட்ச், இன்னும் என்னென்னவோ. அவள் தூக்கத்தை நாங்கள் வாட்ச் இல்லாமலே அளந்து வைத்திருக்கிறோம், அது வேறு விஷயம். கடைசி வரியில், "உனக்கு இன்னாப்பா வேணும்?" பதில் எழுதப் போனேன். அதற்குள் சொல்யூஷன் வாசனை மூக்கில் ஏறி என்னை ஆம்பூருக்குக் கொண்டுபோய்விட்டது.

டிப்ளமோ முடித்துப் பல வருடம் எங்கெங்கோ வேலை பார்த்த பிறகு அங்கே ஒரு ஷூ கம்பெனியில் பேஸ்டிங் பிரிவில் சேர்ந்தேன். தோலின் ஓரத்தில் பசை தடவி மடித்து ஒட்டும் வேலை. பிரஷ் உண்டு. ஆனாலும் ஓரம் படிய வேண்டுமென்றால் கட்டைவிரல்தான். மத்தியானத்துக்குள் விரலில் பசை காய்ந்து இன்னொரு தோலாகிவிடும். தண்ணீருக்கு அசையாது. எங்கள் பிரிவில் எல்லோரும் டிபன் பாக்ஸோடு ஸ்பூன் கொண்டுவருவது நாகரிகத்தால் அல்ல.

பக்கத்து மேசை ஷமீம் அக்காவுடையது. எவ்வளவு சிக்கலான வளைவானாலும் அவர் மடிப்பில் ஒரு சுருக்கம் விழாது. அப்படிப்பட்ட கைகளை நான் இன்றுவரை வேறெங்கும் பார்த்ததில்லை. என் மடிப்பைப் பார்த்து, "இன்னா தம்பி, சமோசாவா சுத்தற?" என்பார்.

துபாயிலிருந்து அவர் தம்பி ஒரு டச் போன் அனுப்பியிருந்தார். அக்காவின் மகள் ரெஹானாவின் நர்சிங் விண்ணப்பத்தில் அந்த நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள். சீட் கிடைத்தால் அதில்தான் மெசேஜ் வரும். பக்ரீத் லீவுக்கு முந்தின நாள், சாப்பாட்டு நேரத்தில் அதை என்னிடம் நீட்டினார்.

"பசங்க கேம் ஆடியே சார்ஜ தீத்துடுதுங்க தம்பி. வேற யாரும் தொறக்காத மாரி பண்ணிக் குடு."

படித்தவன் அல்லவா, பண்ணிக் கொடுத்தேன். அவருடைய கட்டைவிரலை வைக்கச் சொல்லிப் பதிவு செய்தேன். போன் ஒரு ரகசிய எண்ணும் கேட்டது. வாய்க்கு வந்த ஏதோ ஒன்றைப் போட்டேன், அதை அவரிடம் சொல்ல மறந்தேன்.

அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் ஒரே கும்மாளம். அக்காவின் போனைப் பார்த்த ஜோரில் ஆளாளுக்கு என்ன போன் வேண்டுமென்று சொல்லத் தொடங்கினார்கள். சார்ஜ் ரெண்டு ஷிப்ட் தாங்கணும் என்றார் ஒருவர். "எங்க மாமியா கூப்ட்டா, பஸ்லதான் வர்றேன்னு தானா பதில் சொல்ற போன் வேணும்" என்றாள் எங்கள் பிரிவு தேவகி. அக்கா மட்டும், "எனக்கு ஒரு மெசேஜ் வந்தா போதும்" என்றார்.

வந்தது, பக்ரீத்துக்கு மறுநாள் காலையில். கல்லூரியின் பெயர் மட்டும் திரையில் தெரிந்தது. அக்கா விரலை வைத்தார், திறக்கவில்லை. மறுபடி வைத்தார், திறக்கவில்லை. நான் பதிவு செய்தது பசை காய்ந்த விரலை. லீவில் பசையெல்லாம் உரிந்து அவர் கை பளிச்சென்று இருந்தது. ரகசிய எண் எனக்கு மட்டும் தெரியும், என் நம்பரோ அந்தப் போனுக்குள் இருந்தது. ரெஹானா அழ ஆரம்பித்துவிட்டாளாம்.

லீவு முடிந்து வந்தவர் சொன்னார்: "அழுது இன்னா ஆவும்? தெருமுனையில சைக்கிள் கட வெச்சிருக்கான் பாரு, நேரா அங்க போய்ட்டேன். அதுவும் நம்ம பசை மாரிதானே, சொல்யூஷன் கொஞ்சம் குட்ரான்னேன். கட்டவெரல்ல தடவி, ஊதி, காய வெச்சி அமுக்கனேன். மூணாவது தபா தொறந்துக்கிச்சி!"

பன்னிரண்டு மணிக்குள் சம்மதம் சொல்லாவிட்டால் சீட் அடுத்தவருக்கு என்று இருந்ததாம் அந்த மெசேஜில். அக்கா கல்லூரிக்குப் போன் செய்து சம்மதம் சொன்னபோது மணி பதினொன்றரை. ஒரு பெண்ணின் படிப்பையே பூட்டி வைக்கப் பார்த்தேனே! மன்னிப்புக் கேட்டேன். அவர் திட்டவில்லை.

"கை கழுவுனாலும் நாந்தான், கழுவாட்டியும் நாந்தான். அது புரியற போனு வந்தா சொல்லு தம்பி, வாங்கிக்கறேன்."

அப்படிப்பட்ட போன் வந்துவிட்டது. முகத்தைப் பார்த்தே திறக்கிறது. ஆனால் அதைச் சொல்ல வழியில்லை. ரெஹானா படித்து முடித்து வேலைக்குப் போனதும் அக்கா கம்பெனியை விட்டு நின்று, அவளோடு ஊர் மாறிவிட்டார். நானும் அங்கிருந்து விலகிவிட்டேன். அவர் நம்பர் இருந்த என் பழைய போன் ஒரு மழையில் நனைந்து செத்துப்போனது.

பஞ்சர் கடைக்காரரிடம் கேட்டு ஒரு சொட்டு வாங்கிக் கட்டைவிரலில் தடவினேன். ஊதிக் காயவைத்து என் போனில் அமுக்கினேன். கைரேகை பொருந்தவில்லை என்றது. மூன்றாவது தடவையும் அதையேதான் சொன்னது. கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பசையை உரித்துப் போட்டுவிட்டு, மகளுக்குப் பதில் எழுதினேன்: "ஷமீம் அக்கா நம்பர்."

"யாருப்பா அது?" என்று உடனே வந்தது.