எஃபுவா வாங்கித் தீர்த்த பாட்டு

எஃபுவா மென்சிமாவுக்குத் தராசு தேவையில்லை. மீனை உள்ளங்கையில் வைத்து ஒருமுறை தூக்கிப் பார்ப்பாள், விலையைச் சொல்லிவிடுவாள். எங்கள் ஊர் செகண்டியின் மீன்துறையில் படகுக்காரர்கள் கொஞ்ச நேரம் கத்திப் பார்ப்பார்கள், வானத்தைப் பார்த்துச் சத்தியம் செய்வார்கள், கடைசியில் "சரி மாமே, நீங்க சொன்னதே இருக்கட்டும்" என்று கூடையை இறக்கிவிடுவார்கள். மாமே என்றால் எங்கள் பேச்சில் அம்மா. கணவர் படகு வைத்திருந்தவர். போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. மூன்று பிள்ளைகளையும் மீனைப் புகை போட்டே ஆளாக்கினாள்.

அவளுடைய புகையடுப்புகளுக்கு எதிர்ச்சாரியில்தான் என் தையல் கடை. தைக்கக் கொடுத்த கல்யாணச் சட்டையில் மீன் வாசம் வருகிறது என்று யாராவது சண்டைக்கு வந்தால், "எதிர்ல போய்ச் சொல்லுங்க" என்று கை காட்டிவிடுவேன். போனவர்கள் திரும்பி வந்து சட்டையைப் பற்றிப் பேசியதே இல்லை.

போன வருடம் ஒரு காலையில் முதுகுப் பையும் கலைந்த தலையுமாக ஒரு பெண் என் கடை வாசலில் வந்து நின்றாள். பெயர் நா தெதெய். தலைநகர் அக்ராவில் வானொலியில் பழைய பாட்டு போடுகிறவள். அவள் பேசின எங்கள் ஃபாண்டே மொழியில் அக்ரா வாடை தூக்கலாக இருந்தது.

"அக்கா, இந்த ஊர்ல 'துறைமுகச் சேவல்கள்'னு ஒரு பேண்ட் இருந்துச்சாமே? ஒரே ஒரு இசைத்தட்டு போட்டாங்களாம். பாரிஸ்ல ஒருத்தர்கிட்ட ஒண்ணு இருக்கு. ஜப்பான்ல ஒண்ணு, அதுவும் கீறல். உலகம் பூரா அதைத் தேடுறாங்க. இந்த நாட்டுல ஒண்ணுகூடக் கிடைக்கல. அத்தனையும் எங்கதான் போச்சு?"

எங்கே போச்சென்று எனக்குத் தெரியாது. ஆனால் பாட்டு தெரியும். செகண்டியில் என் வயதுக்காரர்கள் யாருக்குத்தான் தெரியாது?

எழுபதுகளின் தொடக்கம் அது. ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த க்வாமினா எசில்ஃபி பகலில் இரும்பு தட்டுவான், சாயங்காலம் அந்தச் சேவல்கள் பேண்டில் கிதார் வாசித்துப் பாடுவான். எஃபுவாவைப் பெண் கேட்டான். அவள் மாட்டேன் என்றாள். அவன் என்ன செய்தான் தெரியுமா? அழவில்லை, குடிக்கவில்லை. பாட்டு கட்டிவிட்டான். 'எஃபுவா என்னைக் கையில் எடுத்து எடை பார்த்தாள், சின்ன மீனென்று மறுபடி கடலில் எறிந்தாள்' என்று அந்தக் காலத்து ஹைலைஃப் மெட்டில் ஒரு பாட்டு. சிறுமிகள் நாங்கள் கூட்டமாக அவள் பின்னாலேயே பாடிக்கொண்டு போவோம். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் துரத்துவாள். துறையில் படகுக்காரர்கள், "எஃபுவா, சின்ன மீன் சௌக்கியமா?" என்று கேட்பார்கள்.

நான் எதிர்ச்சாரியைக் காட்டினேன். "பாட்டுல வர்ற எஃபுவா அதோ, விசிறியோட நிக்குறாங்களே, அவங்கதான்."

நா தெதெய் தெருவைத் தாண்டிக்கூட இருக்க மாட்டாள், என் பேச்சு காதில் விழுந்து எஃபுவா ஆரம்பித்துவிட்டாள்.

"பாட்டா? எனக்கு எந்தப் பாட்டும் தெரியாது. மீன் வேணுமா, சொல்லு. இல்லன்னா தள்ளி நில்லு, புகை வருது."

பக்கத்து அடுப்பில் மீன் திருப்பிக்கொண்டிருந்த அபா சும்மா இருக்கவில்லை. இடுப்பை ஆட்டி, "எடை பார்த்தாள்... எறிந்தாள்..." என்று இழுத்தாள். விசிறி பறந்து போய் அவள் தோளில் விழுந்தது.

"பாடினவன் இன்னும் சாகலை. ஸ்டேஷன் பக்கம் பாதாம் மரத்தடியில உட்கார்ந்து காய் நகர்த்திட்டிருப்பான். போய் அவன்கிட்ட கேளு, போ" என்றாள் எஃபுவா.

கடையைச் சாத்திவிட்டு நானும் கூடப் போனேன். வேடிக்கையை விடுவானேன்?

இப்போது ஊருக்கே 'எஜ்யா', அதாவது ஐயா, ஆகிவிட்ட க்வாமினா வெள்ளைத் தொப்பியும் இஸ்திரி போட்ட சட்டையுமாக நாலு கிழவர்களுக்கு நடுவே ஆட்டத்தில் இருந்தார். இசைத்தட்டு என்ற சொல்லைக் கேட்டதும் முதுகு நிமிர்ந்தது.

"ரெண்டு தடவை அச்சடிச்சோம்மா! ரெண்டு தடவையும் ஒரே மாசத்துல காலி. மேற்குக் கரை பூரா எங்க பாட்டுதான். கடைக்காரர் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'க்வாமினா, பெண்கள் வரிசையா வந்து வாங்குறாங்கப்பா'ன்னார். நான் பட்டறை வேலையை விட்டேன். ஆளுக்கொரு வெள்ளைக் கோட்டு தச்சோம். அக்ராவுக்கே போனோம்."

"அக்ராவுல என்னாச்சு எஜ்யா?"

"அக்ராக்காரங்களுக்கு என்ன தெரியும்? கடலை கொறிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க." நா தெதெயைப் பார்த்து, "உன்னைச் சொல்லல" என்றார்.

"அவ்வளவு வித்துச்சுன்னா, இன்னிக்கு ஒரு வீட்டுலகூட ஏன் இல்ல?"

"தேய்ஞ்சிருக்கும். போட்டுப் போட்டுக் கேட்டிருப்பாங்க."

"நான் வாங்கலையே" என்றார் எதிரில் இருந்த கிழவர்.

"நீ உன் வாழ்க்கையில எதைத்தான் வாங்கியிருக்க? காயை நகர்த்து."

அக்ராவிலிருந்து திரும்பி வந்தவர் பட்டறையில் மறுபடி அடிமட்டத்தில் சேர்ந்து, அங்கேயே ஓய்வும் பெற்றார். ஆனால் ஒரு காலத்தில் தன் பாட்டு ஊரைக் கலக்கியது என்ற நினைப்பு அவரை ஒருநாளும் கூன விட்டதில்லை. அந்தத் தொப்பியைப் பார்த்தாலே தெரியும்.

சாயங்காலம் இதையெல்லாம் எஃபுவாவிடம் சொன்னோம். மீன் திருப்பிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"ரெண்டு தடவைன்னு அவனே சொன்னானா? இன்னுமா சொல்லிக்கிட்டிருக்கான்?"

கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். வாங்க என்று சொல்லவில்லை, ஆனாலும் போனோம். கட்டிலுக்கு அடியில் தொங்கிய துணியை விலக்கினாள். வெங்காயப் பெட்டிகள். பெட்டிகளுக்குள் காகித உறையோடு இசைத்தட்டுகள். நா தெதெய் முழங்காலிட்டு ஒரு தட்டை உருவி எடுத்தாள்.

"பக்கத்து ஊர் டாகோராடி கடையில இதை வச்சிருந்தாங்க. துறையில இருந்த அத்தனை பொம்பளைங்களையும் ஒவ்வொருத்தியா அனுப்பி வாங்க வச்சேன். தட்டே இல்லாமப் போனா பாட்டும் போயிடும்னு நினைச்சேன். முதல்ல வாங்கினதையெல்லாம் படகுல எடுத்துட்டுப் போய்க் கடல்ல வீசினோம். நல்லாத்தான் பறந்துச்சு. பார்த்தா, அந்த முட்டாளுங்க மறுபடியும் அச்சடிச்சுட்டானுங்க! அதையும் வாங்கினேன், கப்பல்காரங்க கையில போன ஒண்ணு ரெண்டைத் தவிர. இந்தத் தடவை பாதி எறியுறதுக்குள்ள கோபம் தீர்ந்துபோச்சு, தட்டு தீரல."

"அவர்கிட்ட சொல்லலையா மாமே?"

"சொல்லலாம்னுதான் ஸ்டேஷனுக்குப் போனேன். வெள்ளைக் கோட்டு போட்டுக்கிட்டு அக்ரா ரயில்ல ஏறிக்கிட்டிருந்தான். சிரிச்ச வாய் மூடல. எப்படிச் சொல்றது?"

நா தெதெய் பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்துத் திறந்தாள். இசைத்தட்டு போடும் கருவி. எஃபுவா அந்தப் பாட்டைத் துரத்தியிருக்கிறாளே தவிர, உட்கார்ந்து முழுதாகக் கேட்டதில்லை. இப்போது கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கேட்டாள். க்வாமினாவின் இளங்குரல் கொஞ்சம் மூக்கால், கொஞ்சம் கெஞ்சலாக வந்தது. முடிந்ததும், "பாவி, குரல் நல்லாத்தான் இருந்திருக்கு" என்றாள்.

பிறகு நா தெதெய் தட்டைத் திருப்பிப் போட்டாள். மறுபக்கத்தில் பாட்டே இல்லை, வாத்தியம் மட்டும். முரசும் ஆர்கனும் கிதாரும் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டு ஓடுகிற ஆஃப்ரோ ஃபங்க். ஊது குழல்கள் நடுவில் புகுந்து கத்தின. வாசலில் அபா மீன் சட்டியோடு ஆட ஆரம்பித்துவிட்டாள். எனக்கே கால் நிற்கவில்லை.

"இதுதான் மாமே! இந்தப் பக்கத்துக்குத்தான் உலகமே அலையுது!"

எஃபுவாவின் முகம் மாறியது. "இந்தப் பக்கத்துக்கா? அப்போ என் பக்கம்?"

"அதுவும் நல்லா இருக்கு மாமே..."

"நல்லா இருக்காம்! என் பேர் இருக்குற பக்கத்தை எவனும் தேடலையா? என்ன காது இவங்களுக்கெல்லாம்?"

அந்தக் கோபம் ஆறாமலே மறுநாள் ஒரு தட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு பாதாம் மரத்தடிக்குப் போனாள். நாங்கள் பின்னால்.

"க்வாமினா, உன் பாட்டு வித்துத் தீர்ந்துச்சுன்னு சொல்லிட்டுத் திரியுறியாமே."

"நடந்ததைத்தானே சொல்றேன்."

"நடந்தது என்னன்னு நான் சொல்றேன். வாங்கினது நான்தான்."

"நீயும் ஒண்ணு வாங்கியிருப்ப..."

"எல்லாத்தையும். ரெண்டு தடவையும்." துணியைப் பிரித்துக் காட்டினாள்.

எதிரே இருந்த கிழவர் தொண்டையைச் செருமினார். "அப்போ க்வாமினா, உன் ரசிகர் கூட்டம் மொத்தமும் நடந்து வந்து உன் முன்னாடி நிக்குது. எழுந்து வணக்கம் சொல்லுப்பா."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு, ஜெயிக்கப்போகிற ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். அப்புறம் மரத்தடிப் பக்கமே வரவில்லை. எஃபுவா கொடுத்தனுப்பிய மீன் பாத்திரம் திறக்காமலே திரும்பி வந்தது. அன்று அவள் யாரிடமும் பேரம் பேசவில்லை. கேட்ட விலையைக் கொடுத்தாள். படகுக்காரர்கள் பயந்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நா தெதெய் தன் நிகழ்ச்சியில் தட்டின் இரண்டு பக்கத்தையும் போட்டாள். நான் என் வானொலிப் பெட்டியைக் கொண்டுபோய் எஜ்யா க்வாமினாவின் ஜன்னலடியில் சத்தமாக வைத்தேன். முதலில் ஜன்னல் மூடியே இருந்தது. பாட்டு முடிந்ததும் தொலைபேசியில் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். தார்க்வாவிலிருந்து ஒரு டீச்சர். தெமாவிலிருந்து ஒரு லாரி டிரைவர். வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பேசுகிறாராம். தமாலேயிலிருந்து ஒரு பையன்: "இது யாரு? மறுபடி போடுங்க."

ஜன்னல் திறந்தது. "இதுக்கும் அவதான் ஆள் வச்சிருப்பா" என்றார்.

எஃபுவா எனக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். "தமாலேயில எனக்கு யாருய்யா தெரியும்? அங்க கடலே கிடையாது!"

அவர் அவளைப் பார்த்தார். வானொலியைப் பார்த்தார். யாரோ குமாசிக்காரர், 'அந்த மீன்காரி பாட்டைப் போடுங்கம்மா' என்று கேட்டுக்கொண்டிருந்தார். எஜ்யாவின் உதடு துடித்தது. அழப்போகிறார் என்று நினைத்தேன்; சிரித்துவிட்டார். எஃபுவா அன்று தலைத்துணியைச் சரிசெய்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த வாரம் இருவரையும் அக்ராவுக்கு வரச்சொல்லி அழைப்பு. போகும் வழியெல்லாம் வேனில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை. நிகழ்ச்சியில் நா தெதெய் அவளைக் கேட்டாள்:

"ஏன் மாமே இவரை வேண்டாம்னீங்க?"

"கல்யாணத்துக்கு அப்புறம் மீன் யாவாரத்தை விட்டுடணும், வீட்டுக்குள்ள மீன் வாசம் ஆகாதுன்னான். மீன் வாசம் இல்லாத வீட்டுல எனக்கு என்ன வேலை?"

எஜ்யா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். பிறகு, "சொன்னேன். முட்டாள்தனமாத்தான் சொன்னேன். ஆனா அதைப் பாட்டுல வைக்கல, பார்த்தியா?" என்றார்.

"வச்சிருந்தா ஊரே உன்னைத்தான் சிரிச்சிருக்கும்" என்றாள் எஃபுவா. அந்த மூச்சிலேயே, குமாசிக்காரர்களுக்கு நல்ல புகைமீன் வேண்டுமானால் செகண்டி துறையில் தன் பெயரைச் சொல்லி விசாரிக்கலாம் என்றும் சொல்லிவிட்டாள். நா தெதெயால் தடுக்க முடியவில்லை.

வெங்காயப் பெட்டிகளில் ஒன்றை நா தெதெய் எடுத்துக்கொண்டாள். ஒன்று எஜ்யாவிடம் போனது. சேவல்களில் இன்னொருவர்தான் மிச்சம், மாதாகோவில் ஆர்கன்காரர். இப்போது சில மத்தியானங்களில் இருவரும் எஃபுவாவின் புகையடுப்புப் பக்கம் வந்து உட்கார்ந்து வாசிக்கிறார்கள். ஆளுக்கொரு கென்கே சோள உருண்டையும் பொரித்த மீனும் கிடைக்கும். எஜ்யா அவள் பெயர் வருகிற மெதுவான பாட்டை ஆரம்பித்தால் அவள் விசிறியை ஓங்குகிறாள்.

"வேகமானதை வாசிய்யா. இதைக் கேட்டுக்கிட்டு இந்தப் பொண்ணுங்க நின்னுடுதுங்க, மீன் கருகுது."